பிளாஸ்திரி சுற்றிய குப்பி

கட்டை விரல் உயரம்கூட இல்லாத கண்ணாடிக் குப்பி. மேலே ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினியத் தகடு. இதெல்லாம் எந்த மருந்துக் கடையிலும் இருப்பதுதான். எங்கள் டாக்டரின் குப்பிக்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதன் வயிற்றைச் சுற்றி, ஓர் எழுத்துகூட வெளியே தெரியாதபடி, வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரிதான். மருந்துக் குப்பிக்கு எதற்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு.

முடிச்சூர்ப் பக்கம் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, கைராசி டாக்டர் என்றால்தான் தெரியும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் போதும், கிளினிக் வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே மீன் தொட்டி, சுவரில் அவர் யார் யாரிடமோ பொன்னாடை வாங்கிக்கொள்கிற படங்கள், நடுவில் ஒரு சுழல் நாற்காலி. காய்ச்சலோ, முதுகுவலியோ, மூன்று நாள் இருமலோ, எதைச் சொன்னாலும் அவர் முழுதாகக் கேட்க மாட்டார். நாம் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே நாற்காலியைச் சுழற்றி, நமக்கு முதுகைக் காட்டி, இரும்பு அலமாரியைத் திறந்துவிடுவார். குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சிய கையோடு, காலிக் குப்பியைக் காலடியில் இருக்கும் பிஸ்கெட் டின்னில் போட்டு மூடிவிடுவார். அப்புறம் ஊசியை உயர்த்திப் பிடித்தபடி திரும்புவார் பாருங்கள், கற்பூர ஆரத்தி காட்டுகிறவர் முகத்தில்கூட அவ்வளவு பெருமிதம் இருக்காது.

அது என்ன மருந்து என்பதைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை உண்டு. ஜெர்மனியிலிருந்து வருகிறது என்று இஸ்திரிக்காரர் சொல்வார். அதெல்லாம் இல்லை, பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிற மருந்து, டாக்டருக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்பார் எதிர்வீட்டு ரியல் எஸ்டேட்காரர். ஏரிக்கரை நிலத்தை பிளாட் போட்டு விற்ற மனிதருக்கு எல்லா இடத்திலும் உள்ளே ஆள் இருப்பது சகஜம்தானே. கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, அழுகல் இருந்தால் கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுக்கிற ஜனம்தான் இது. அதே ஜனம், ரத்தத்தில் கலக்கப்போகிற ஒன்றின் பெயர் தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாராவது ஓர் இளம் டாக்டர் நாடி பார்த்து, வைரஸ் காய்ச்சல்தான், ஓய்வெடுங்கள், கஞ்சி குடியுங்கள் என்று அனுப்பினால் வீதியில் வந்து திட்டுவார்கள். “ஒரு ஊசிகூட போடல, இவன்லாம் ஒரு டாக்டரு!” அந்த இளம் டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். கைராசி டாக்டர் மட்டும் மாடி எழுப்பினார்.

அவர் போலி டாக்டர் அல்ல. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர், அந்தப் பட்டம் சட்டம் போட்டு மீன் தொட்டிக்கு மேலேயே தொங்கியது. எந்த ஊசி எந்த உறுப்பைப் பதம் பார்க்கும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவர். தெரியாமல் செய்கிறவனுக்காவது ஒரு சமாதானம் உண்டு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்த வருடம், எங்கள் பகுதியே தண்ணீரில் மிதந்தபோது, அவர் படகில் உட்கார்ந்து வீடு வீடாக வந்தார். மொட்டை மாடியில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஊசி போட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. வெள்ளம் வடிந்தது, அந்தக் கும்பிடு மட்டும் வடியவே இல்லை. அதை வைத்துத்தான் மனிதர் அப்புறம் பல வருடம் காலம் ஓட்டினார்.

என் அம்மா ரயில்வே ஆபீஸ் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதுதான் அவளுடைய பிழைப்பு. மறுமுனையில் பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன், மூச்சு விடுகிற சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவாள். “யாரு, பார்சல் ஆபீசா? சளி பிடிச்சிருக்கே சார் உங்களுக்கு” என்று அவள் கேட்டால் மறுமுனை ஒரு கணம் திகைக்கும். ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலம் ஆனால் போன்தான். பழைய ஆபரேட்டர்கள் அழைப்பார்கள், சர்ச் பெண்கள் ஐக்கியத்திலிருந்து அழைப்பார்கள். அம்மா போனை இடது காதில் வைத்து, தோளால் தாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நான் காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஆபீசிலிருந்து அழைத்தால், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். “குரல் இறங்கியிருக்கே, யாரு என்ன சொன்னா?” என்றுதான் ஆரம்பிப்பாள். அவளிடம் என்னால் ஒரு பொய்கூடச் சொல்ல முடிந்ததில்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு மழைக்காலத்தில் குளிர் காய்ச்சல் வந்தது. விலாவுக்குப் பின்னால் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கைராசி டாக்டர் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்றாள். அவர் சிறுநீரையோ ரத்தத்தையோ பரிசோதிக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஒரு கோர்ஸ் போட்டா ஓடிடும்மா” என்றார். தினமும் இரண்டு ஊசி. ஒன்று பிளாஸ்திரிக் குப்பியிலிருந்து, இன்னொன்று வலிக்கு. காய்ச்சல் இறங்கும், ஏறும். கோர்ஸ் நீண்டுகொண்டே போனது. நான் என்ன மருந்து டாக்டர் என்று கேட்டபோது, சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். “சாப்பிட வந்தவங்க அடுப்பங்கரையை எட்டிப் பாக்கக் கூடாதும்மா” என்றார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பின்தான் அவள் காதில் இரைச்சல் தொடங்கியது. “லைன்ல ஹம்மிங் வருமே, அந்த மாதிரி கேட்டுக்கிட்டே இருக்குடி. ரெண்டு பக்கமும்” என்றாள் அம்மா. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தோடு வேலை பார்த்தவள், இதைவிடத் துல்லியமாக ஒரு நோயாளியால் சொல்ல முடியாது. அதை அப்படியே டாக்டரிடமும் சொன்னாள். அந்த மருந்தைப் போடுகிற எவரும் அந்த வார்த்தையைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்திருக்க வேண்டும். இவர் என்ன செய்தார்? “காத்து புகுந்திருக்கும். பஞ்சு வெச்சுக்கங்க. வயசாகுதில்ல!” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுழற்றி அலமாரியைத் திறந்தார். அன்றைக்கும் ஊசி போட்டார்.  

இரண்டொரு நாளில் குக்கர் விசில் அடித்தது, அம்மா அதற்குப் பக்கத்திலேயே நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் அடித்தது. நான் கூடத்திலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது, “இன்னும் விசிலே வரலியே, ஏன் அணைக்கிற?” என்றாள். காலைப் பார்த்தேன், வீங்கியிருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பேச்சு குழற ஆரம்பித்தது. நானும் என் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் முதலில் கேட்டது, இதுவரை என்ன ஊசி போட்டார்கள் என்பதைத்தான். தெரியாது என்றேன். சீட்டு இருக்கிறதா? இல்லை. காலிக் குப்பி? இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. இதே பதிலைத் தினமும் கேட்கிறவளின் அலுப்பு. சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது, இப்போதே பலமான மருந்தை நரம்பில் ஏற்றியாக வேண்டும் என்றாள். “எந்தக் கிருமின்னு வளர்த்துப் பாக்க ரத்தம் எடுக்கிறோம். ஆனா ஏற்கெனவே ஊசி போட்டதால அது வளராமலே போகலாம். கிட்னியும் அடி வாங்கியிருக்கு, காதும் அடி வாங்கியிருக்கு. எதனாலன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்குங்க. ஆனா சந்தேகத்தை வெச்சு எத்தனை மருந்தை ஒதுக்கி வைக்கிறது? அவர் என்ன போட்டார்னு தெரிஞ்சா, அதை ஒதுக்கிட்டு வேற எது கொடுக்கலாம்னு தைரியமா முடிவெடுப்பேன். காதுல மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தப் பாக்கலாம்.” அந்த மிச்சம் என்கிற சொல் என்னைக் குத்தியது.

கைராசி டாக்டருக்குப் போன் செய்தேன். “நான் போட்ட ஊசிய நான் ஏன் ஊருக்கெல்லாம் சொல்லணும்? அவங்க படிச்சவங்கதானே, கண்டுபிடிக்கச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். கணவரை அம்மாவோடு விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போனேன். வழக்கம்போல் கூட்டம். வரிசையைத் தாண்டி உள்ளே போய், பெயரை மட்டும் சொல்லுங்கள் டாக்டர், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அம்மா நினைவிழந்து கிடக்கிறாள் என்றேன். அவர் மேஜை மேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை நேராக வைத்தார். “உங்க அம்மாவுக்கு வயசு. வயசுக்கு மருந்து கிடையாது” என்றார். அடுத்த நோயாளிக்காக எடுத்து வைத்த குப்பி ஒன்று தட்டில் இருந்தது. நான் அதை எடுத்தேன். நகத்தால் பிளாஸ்திரியைக் கிழித்தேன்.

பாதி லேபிளும் அதோடு வந்துவிட்டது. மீதியில் பெயர் இருந்தது. அமிகாசின். ஜெர்மனியும் இல்லை, பட்டாளமும் இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும், மூலைக்கு மூலை இருக்கிற மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மருந்து. இதற்குத்தான் இத்தனை வருடம் திரை போட்டிருந்தது. பெயர் தெரிந்தால் ஜனம் அடுத்த கடைக்குப் போய்விடும், அவ்வளவுதான் அந்தக் கைராசியின் ரகசியம். நான் லேபிளைத் தூக்கிக் காட்டி உரக்கப் படித்தேன். யாராவது ஒருவராவது எழுந்து, எங்களுக்கும் இதுதானா என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். “இன்னாமா நீ, டாக்டராண்ட மல்லுக்கு நின்னுகினு கீற? எங்களுக்கு ஊசி போட வேணாமா? எம்மா நேரமா குந்திகினு கீறோம்!” என்றார். “அவரு கைராசிய கெடுக்கவே வந்திருக்கா” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அந்தக் குப்பி அவளுக்காக எடுத்து வைத்ததுதான். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. பெருந்தன்மையாக நாற்காலியைச் சுழற்றி, இன்னொரு குப்பியை எடுத்தார். அந்த அறையில் யாரை அதிகமாக வெறுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி டாக்டர் குப்பியை வாங்கிப் பார்த்தாள். ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துணுக்கை விரலால் தடவினாள். “இதைப் போய் ஏன் மறைக்கணும்?” என்றாள், தனக்குத்தானே கேட்பதுபோல். “இது கெட்ட மருந்து இல்லீங்க. மோசமான தொற்றுல இதுவே உசுரைக் காப்பாத்தியிருக்கு, நானே கொடுத்திருக்கேன். ஆனா எடை பாத்து, கிட்னி பாத்து அளவு போடணும். குறைஞ்ச நாள்தான் போடணும். நடுவுல ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். காதுல இரைச்சல்னு சொன்னா அந்த நிமிஷமே நிறுத்தணும். கிட்னிய கெடுக்கிற வலி ஊசிய இதுகூடச் சேத்துப் போடவே கூடாது.” அவள் சொல்லச் சொல்ல, கைராசி டாக்டர் அதில் எதையெல்லாம் செய்யாமல் விட்டார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை. மனிதர் அந்த விஷயத்தில் முழுமையானவர்.

மருந்து மாற்றினார்கள். அந்த வார்டில் ஊசி போடுகிற விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நர்ஸ் வந்து அம்மாவின் பெயரைக் கேட்பாள், கைப்பட்டையில் சரிபார்ப்பாள். எந்த மருந்துக்காவது அலர்ஜி உண்டா என்று முதல் நாள் சொன்னதையே மறுபடி கேட்பாள். குப்பியின் லேபிளை என் பக்கம் திருப்பிக் காட்டி, பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படிப்பாள். அப்புறம் சொட்டுச் சொட்டாக மெதுவாக ஏற்றிவிட்டு, முதல் சில நிமிடங்கள் அங்கேயே நிற்பாள். பெருமிதம் எதுவும் இல்லாத, சலிப்பூட்டுகிற வேலை. எங்கள் தெருக்காரர்கள் பார்த்தால், இவளுக்குக் கைராசி இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

அம்மா பிழைத்தாள். சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. காது வரவில்லை. உள்காதில் போனது போனதுதான், திரும்பாது என்றார்கள். மிச்சம் என்று இருந்ததும் அடுத்த மாதங்களில் தேய்ந்தது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். “எல்லார் பேச்சும் தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கு” என்று கழற்றி டிராயரில் வைத்துவிட்டாள். பழைய ஆபரேட்டர்கள் கொஞ்ச நாள் அழைத்தார்கள், அப்புறம் நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனால் அம்மா போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அழைப்பு வந்து திரையில் ஒளி தெரிந்தால் எடுத்து இடது காதில் வைப்பாள். தோள் தானாக உயரும். கண்ணை மூடுவாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் நீட்டுவாள். நான் இப்போது அவளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். அதைவிடப் பெரிய கொடுமை எனக்கு வேறொன்றும் இல்லை.

இதற்கெல்லாம் அம்மா அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. “வெள்ளத்துல வந்தவரும்மா. ஆண்டவர் சித்தம், அவர் என்ன பண்ணுவார்?” என்பாள். நான் புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது பேனாவைப் பிடுங்கினாள். அவளுடைய இந்த நல்ல மனசைப் பற்றி யாராவது என்னிடம் சிலாகித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த மாதிரி நல்ல மனசுகளை மிதித்துத்தான் அவர் மாடி ஏறினார்.

சென்ற மாதம் அம்மாவை வழக்கமான பரிசோதனைக்கு அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மாடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது, திறந்திருந்த ஓர் அறையிலிருந்து பழக்கமான குரல் கேட்டது. “லேபிளை இந்தப் பக்கம் திருப்பு. பேரைப் படி. எத்தனை மில்லிகிராம்? என் கிட்னி டெஸ்ட், அந்தக் கிரியேட்டினின் ரிப்போர்ட் வராம நீ எப்படி ஊசிய எடுத்துக்கிட்டு வரலாம்?” எட்டிப் பார்த்தேன். கைராசி டாக்டர். ஒரு கால் முழங்கால்வரை கட்டுப் போட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற கால் புண், சீழ் பிடித்துவிட்டதாம். ரிப்போர்ட் வந்துவிட்டது சார் என்று நர்ஸ் பொறுமையாகக் காட்டினாள், குப்பியையும் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். ஒன்றைக்கூட மறக்கவில்லை மனிதர். எல்லாம் பத்திரமாக ஞாபகம் இருந்திருக்கிறது.

நான் தாண்டிப் போயிருப்பேன். அம்மா விடவில்லை. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கைகூப்பிக்கொண்டே உள்ளே போனாள். “ஸ்தோத்திரம் டாக்டர்! கால்ல என்ன?” என்றாள். அவருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. சங்கடமாகச் சிரித்து, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றார். அம்மா குனிந்து இடது காதை அவர் பக்கம் திருப்பினாள். மறுபடி கேட்டார். அம்மா இன்னும் குனிந்தாள். மூன்றாவது தடவை அவர் தொண்டை கிழியக் கத்தினார். வராந்தாவில் போனவர்கள் நின்றார்கள். “சார், மெதுவா பேசுங்க, பேஷண்ட்டுங்க தூங்கறாங்க” என்றாள் நர்ஸ். அம்மா அதே புன்னகையோடு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். “காதுக்கு என்னம்மா ஆச்சு?” என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். ஒரு நாள்கூட விசாரித்திருந்தால்தானே தெரியும்!

“அது அடுப்பங்கரையில நடந்தது டாக்டர்” என்றேன். “சாப்பிட வந்தவங்க எட்டிப் பாக்கக் கூடாதில்ல?”

 குப்பி அவர் கையிலேயே இருந்தது. லேபிள் வெளியே தெரிய, சுத்தமாக, எந்தக் கட்டும் இல்லாமல். நர்ஸ் கை நீட்டி அதைக் கேட்டாள். அவர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் அம்மாவின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துவந்தேன்.

லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது அம்மா அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆயிரம் குரல்களைக் கேட்டுப் பழகியவள், நிதானமாக, வருத்தத்தோடு சொன்னாள்:

“பாவம்டி. டாக்டருக்குக் குரலே போயிடுச்சு.”